பூட்டி வைத்த கருவிகளில் துரு: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

துருப்பிடித்த உளியையோ ஸ்பேனரையோ கண்டதும் கை எமரி தாளைத்தான் தேடும். அவசரப்பட்டுத் தேய்த்தால் துருவோடு தடயமும் போய்விடும். துரு எந்த இடத்தில், எந்த வடிவில், எந்த நிறத்தில் இருக்கிறது என்பதுதான் ஈரம் எந்த வழியாக வந்தது என்பதைச் சொல்லும். ஆகவே முதல் வேலை, கருவிகள் கிடந்த கிடை மாறாமல் பெட்டியை வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது. எந்தப் பக்கம் கீழே இருந்தது, எது எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்ற விவரம் பிறகு தேவைப்படும்.

அடிப்படை ஒன்றுதான். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் ஈரமும் வேண்டும். சுத்தமான எஃகின் மேல், காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து துருவின் வேகம் சட்டென்று கூடுகிறது. உப்பும் தூசியும் படிந்த பரப்பில் இந்த எல்லை இன்னும் கீழே இறங்கிவிடும். எனவே கருவிகள் இருக்கும் இடத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. அது முடியாத இடத்தில், காற்றுக்கும் எஃகுக்கும் நடுவே ஒரு படலம் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் எவ்வளவு தேய்த்தாலும் அடுத்த மாதம் அதே வேலைதான்.

தேய்ப்பதற்கு முன் இரண்டு சோதனைகள்

முதலாவது, ஈரப்பதமானி. சிறிய டிஜிட்டல் மானிகள் 5 சதவீதம் முன்பின் காட்டுவது சகஜம். சரிபார்க்க வழி இருக்கிறது: ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரையக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பையில் வைத்து 12 மணி நேரம் விட்டால், பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மானி 70 காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சாட்சி ஆணி. மூன்று புதிய இரும்பு ஆணிகளை எடுங்கள். நாக முலாம் (துத்தநாகப் பூச்சு) பூசியது உதவாது. தின்னரில் கழுவி எண்ணெயைப் போக்கி, மெல்லிய எமரி தாளில் பளபளப்பாகத் தேயுங்கள். அதன் பிறகு வெறுங்கையால் தொடாமல், ஒன்றைக் கருவிப் பெட்டிக்குள்ளும், ஒன்றைப் பெட்டிக்கு வெளியே அதே அலமாரியிலும், ஒன்றை உலர்ந்த சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமாக மூடிய கண்ணாடிப் புட்டியிலும் வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

பெட்டி ஆணி துருப்பிடித்து வெளி ஆணி பளபளவென்று இருந்தால், குற்றவாளி பெட்டிக்குள் இருக்கிறது: ஸ்பாஞ்ச், மரம், அட்டை, அமில ஆவி இவற்றில் ஏதோ ஒன்று. இரண்டுமே துருப்பிடித்தால் அறையே ஈரம். பெட்டியை மாற்றிப் பயனில்லை. இரண்டும் சுத்தமாக இருக்க, கருவிகளில் மட்டும் துரு வந்தால், சிக்கல் கருவியின் பரப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. வியர்வை உப்போ, கழுவப்படாத அமில மிச்சமோ இருக்கும். புட்டிக்குள் இருந்த ஆணியும் துருப்பிடித்திருந்தால் ஆணியைச் சுத்தம் செய்ததில் பிசகு அல்லது ஜெல் உலரவில்லை. சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

அறிகுறி: விரல் ரேகை அல்லது உள்ளங்கை வடிவில் பழுப்புப் புள்ளிகள்

வியர்வை உப்பு. இழைப்புளியின் பக்கவாட்டிலும், மூலைமட்டத்தின் தகட்டிலும், ரம்பத் தகட்டின் நடுவிலும் அடிக்கடி காணலாம். சிலர் கை பட்டால் சில மணி நேரத்திலேயே ரேகை எழும்.

பலரும் இதற்கு மண்ணெண்ணெயிலோ டர்பன்டைனிலோ துடைத்துவிட்டு எண்ணெய் பூசுகிறார்கள். அது வேலை செய்யாது. உப்பு பெட்ரோலிய திரவங்களில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அந்தத் துடைப்பு அழுக்கை எடுத்து உப்பை விட்டுவிடுகிறது, பூசிய எண்ணெய் அந்த உப்பின் மேல் மூடியாகப் படிகிறது. மெல்லிய எண்ணெய்ப் படலம் நீராவியை முழுக்கத் தடுக்காது. உப்பு அதை இழுத்துக்கொண்டு அடியிலேயே துருவைத் தொடங்கும்.

சரியான வரிசை இது: பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட ஈரத்துணியால் துடைப்பு, வெறும் தண்ணீர்த் துணியால் இன்னொரு துடைப்பு, உடனே உலர்ந்த துணி, ஹேர் டிரையரில் ஒரு நிமிடம், அதன் பிறகு எண்ணெய். இரும்பில் தண்ணீரா என்று தயங்க வேண்டாம். ஐந்து நிமிடத் தண்ணீரைவிட ஐந்து மாத உப்பு மோசம். எண்ணெய் பூசியபின் கருவியை எண்ணெய்த் துணியால் பிடித்தே பெட்டியில் வையுங்கள். பூசி முடித்து வெறுங்கையால் எடுத்து வைப்பதுதான் அடுத்த ரேகைக்குக் காரணம்.

அறிகுறி: ஒரே இரவில் எல்லாக் கருவிகளிலும் மெல்லிய ஆரஞ்சுத் தூள்

இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று: காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்திருக்கிறது, அல்லது அறையில் அமில ஆவி உலவியிருக்கிறது. பரிகாரம் வேறு வேறு என்பதால் முதலில் பிரித்தறிய வேண்டும்.

கனமான கருவிகளில் அதிகமாகவும் மெல்லியவற்றில் குறைவாகவும் துரு இருந்தால் அது நீர்ப்படிவு. வைஸ், பெரிய சுத்தியல் தலை, வார்ப்பிரும்பு இழைப்புளி ஆகியவை சூடேறத் தாமதமாகும். காலையில் வெளிக்காற்று வெப்பமடைந்து ஈரத்தோடு உள்ளே வரும்போது அவை இன்னும் குளிர்ந்தே இருக்கும். 30 டிகிரி செல்சியஸில் 70 சதவீத ஈரமுள்ள காற்று, சுமார் 24 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதைத் தொட்டாலும் நீராகப் படியும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்துவந்த கருவி வியர்ப்பது இதனால்தான். அப்படி இடம் மாற்றும்போது பெட்டியைத் திறக்காமல், அல்லது பிளாஸ்டிக் பையில் கட்டியபடியே, சில மணி நேரம் விடுங்கள். கருவி அறையின் வெப்பத்துக்கு வந்தபின் திறந்தால் ஈரம் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும்.

தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் கொட்டகையில் இன்னொரு தொல்லை உண்டு. இரவில் கூரை காற்றைவிட வேகமாகக் குளிர்ந்து, அதன் உட்புறத்தில் நீர் படிந்து சொட்டும். துரு பொட்டுப் பொட்டாக, மேல்பக்கம் மட்டும் இருந்தால் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

அலமாரியைக் கொஞ்சம் சூடாக வைப்பது, மூடிய அலமாரிக்கு நல்ல மருந்து. 25 டிகிரியில் 80 சதவீத ஈரமுள்ள காற்றை 30 டிகிரிக்கு ஏற்றினால், ஒரு சொட்டு நீரையும் அகற்றாமலே ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கும். அலமாரியின் அடித்தட்டில் பொருத்தும் குறைந்த வாட் மின்சூடேற்றும் கம்பி இதைத்தான் செய்கிறது. துணி, தாள், தெளிப்பான் டப்பா எதுவும் அதைத் தொடாதபடி கம்பி வலை போட்டு வையுங்கள். புகைபோக்கி இல்லாத எரிவாயு அல்லது மண்ணெண்ணெய் அடுப்பால் பட்டறையைச் சூடேற்றுவது நேர்மாறான பலனைத் தரும். எரியும்போது வெளிவரும் நீராவி முழுக்க அறைக்குள்ளேயே தங்கும்.

கனம், மெலிவு என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லாவற்றிலும் ஒரே சீராக, அலமாரிக் கீலின் திருகு வரைக்கும் ஆரஞ்சு ஏறியிருந்தால் அமில ஆவியைத் தேடுங்கள். தரை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், வெளுப்பான், நீச்சல் குளத்துக் குளோரின், சார்ஜில் போட்ட ஈய-அமில பேட்டரி ஆகியவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும். மூடி இறுகத்தான் இருக்கிறது என்று ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலை நம்பாதீர்கள். அதன் ஆவி மூடியின் மரை வழியாகக் கசியும். துரு நீக்குவதற்காக வினிகர் வாளியைக் கருவி அலமாரிக்குப் பக்கத்தில் இரவெல்லாம் திறந்து வைப்பதும் இதே வகைத் தவறு. பாட்டிலை வேறு கட்டடத்துக்கு மாற்றுங்கள். கருவிகளுக்கு எண்ணெய் பூசினால் மட்டும் போதாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, அதன் பிறகு பூசுங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும், அல்லது எதையோ தொட்ட இடத்தில் மட்டும் துரு

படம் எடுத்து வைத்தது இங்கேதான் உதவும். தொட்டுக்கொண்டிருந்த பொருளைப் பாருங்கள்.

ஸ்பாஞ்ச்: திறந்த துளையுள்ள ஸ்பாஞ்ச் ஈரத்தை வைத்துக்கொண்டு கருவியின் மேல் ஒத்தடம்போல ஒட்டிக் கிடக்கும். பி.வி.சி. ஸ்பாஞ்ச் பழையதானால் அமில ஆவியையும் விடும். மாற்றாக, துளைகள் மூடிய பாலிஎத்திலீன் ஃபோம் போடுங்கள்.

தோல் உறை: பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் தோலிலேயே இருக்கும். கத்தியும் உளியும் வேலை நேரத்தில் தோலுறையில் இருக்கலாம். மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது.

மரம்: ஓக், செஸ்ட்நட் மரங்கள் அசிட்டிக் அமில ஆவியை விடுபவை, புதிய பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளும் அமில ஆவி விடும். புதுப் பலகையில் செய்த அழகான மூடிய பெட்டிக்குள் கருவி துருப்பிடிப்பதும், பழைய திறந்த அலமாரியில் சுத்தமாக இருப்பதும் இதனால்தான். பெட்டி செய்தபின் சில வாரங்கள் திறந்தே ஆறவிட்டு, உட்புறத்தில் ஷெல்லாக் பூசி, அது நன்றாக உலர்ந்தபின் கருவியை வைப்பது நல்லது. நனைந்த மரம் தொட்ட இடத்தில் கருநீலக் கறை இருந்தால் அது மரத்தின் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்த கறை. பெரும்பாலும் ஆழமில்லாதது.

அட்டைப் பெட்டியும் செய்தித்தாளும் ஈரம் உறிஞ்சுபவை. கருவி வந்த அட்டையிலேயே வைத்துவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கான்கிரீட் தரை: பெட்டியின் அடித்தட்டு மட்டும் துருப்பிடிக்கிறது என்றால், தரை குளிர்ச்சியும் தரைவழி ஏறும் ஈரமும்தான் காரணம். 10 முதல் 15 சென்டிமீட்டர் உயர்த்தி, அடியில் கனமான பிளாஸ்டிக் தாள் விரித்து, வெளிச்சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். இதற்கு மேல் இங்கே யோசிக்க எதுவும் இல்லை.

அறிகுறி: எண்ணெய் பூசியும் துரு

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். “எண்ணெய்” என்று சொல்லப்படுபவற்றில் பாதி, மாதக்கணக்கில் காக்கும் எண்ணெயே அல்ல.

டபிள்யூ.டி.-40 போன்ற நீர் விரட்டும் ஸ்ப்ரேக்களில் பெரும்பகுதி ஆவியாகும் கரைப்பான். நனைந்த கருவியிலிருந்து தண்ணீரைத் தள்ள அவை அருமையானவை. ஆனால் கரைப்பான் போனபின் மிஞ்சும் படலம் மிக மெல்லியது. சில வாரங்களுக்கு மேல் அதை நம்ப முடியாது. ஸ்ப்ரேயால் ஈரத்தை விரட்டித் துடைத்துவிட்டு, மேலே நிஜமான படலம் ஒன்று போடுவதுதான் முறை.

எவ்வளவு காலம் தொடாமல் கிடக்கும் என்பதைப் பொறுத்துப் படலத்தைத் தேர்ந்தெடுங்கள். வாரம் ஒருமுறையாவது கையில் எடுக்கும் கருவிக்குத் தையல் மிஷின் எண்ணெய் போன்ற மெல்லிய கனிம எண்ணெய் போதும். ஒரு முழ நீள ரம்பத் தகட்டுக்குப் பக்கத்துக்கு நாலைந்து சொட்டு. துணியால் பரப்பியபின் கண்ணுக்கு மினுமினுப்பாகத் தெரிய வேண்டும், வழியக் கூடாது. ஒன்றிலிருந்து ஆறு மாதம் என்றால் மெழுகு நல்லது: கார்னோபா அல்லது தேன்மெழுகு கலந்த பேஸ்ட் மெழுகை மெல்லியதாகத் தடவி, 10 நிமிடத்தில் மங்கலானதும் துணியால் தேய்த்து, இன்னொரு முறை பூசுங்கள். கையில் ஒட்டாது, தூசி பிடிக்காது, மரத்தில் கறை வைக்காது. இழைப்புளி அடிப்பரப்புக்கும் ரம்பத்துக்கும் மூலைமட்டத்துக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை.

ஆறு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் தடித்த படலம் வேண்டும். லானோலின் என்னும் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பு 100 கிராமை, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த டப்பாவில் இளக்கி, அடுப்பை அணைத்து, நெருப்பிலிருந்து விலகிய இடத்தில் 400 மில்லி மினரல் டர்பன்டைன் சேர்த்துக் கலக்குங்கள். தூரிகையால் மெல்லியதாகப் பூசி, ஒரு மணி நேரம் காற்றில் வைத்தால் டர்பன்டைன் பறந்து மெழுகுபோன்ற படலம் தங்கும். லானோலின் கிடைக்காவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லி. கருவியை ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கிப் பூசினால் குழிகளிலும் இறங்கும்.

தவிர்க்க வேண்டியவையும் சில உண்டு. எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயில் எரிபொருள் எரிந்த அமில மிச்சங்களும் கரியும் இருக்கின்றன. இரும்புக்கும் தோலுக்கும் கெடுதல். சமையல் எண்ணெய்கள் காற்றுப்பட்டு நாளடைவில் பிசினாகும். சிலிகான் ஸ்ப்ரே துருவைத் தடுக்கும் என்றாலும் மரவேலைக் கருவிகளில் வேண்டாம்; அது மரத்துக்குத் தாவினால் பிறகு பூசும் வார்னிஷ் அந்த இடத்தில் பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

எண்ணெய் சரியானதாக இருந்தும் துரு வந்தால் இடத்தைப் பாருங்கள். விளிம்பிலும் முனையிலும் மட்டும் துரு: படலம் கூர்மையான விளிம்பில் தானாகவே மெலிந்துவிடும், அங்கே இரண்டாம் முறை தடவுங்கள். தொங்கவிட்ட கருவியின் மேல்பாதியில் மட்டும் துரு: எண்ணெய் கீழே வடிந்துவிட்டது, மெழுகுக்கு மாறுங்கள். துணி சுற்றிய இடத்தில் துரு: பருத்தித் துணி எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு ஈரத்தைப் பதிலாகக் கொடுத்திருக்கிறது. துணியில்தான் சுற்ற வேண்டும் என்றால் அந்தத் துணியையே எண்ணெயில் ஊறவைத்துப் பிழிந்து சுற்றுங்கள்.

மரக் கைப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய் தடவுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும். கசக்கிப் போட்ட துணி தானாகவே தீப்பிடிக்கலாம். துணியை விரித்து வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள்.

அறிகுறி: சிலிக்கா ஜெல் வைத்தும் துரு, அல்லது இரண்டே நாளில் நிறம் மாறுகிறது

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 50 லிட்டர் பெட்டிக்குள் 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தில் இருக்கும் காற்றில் மொத்தமே 1.2 கிராம் நீர்தான் இருக்கிறது. அதை 40 சதவீதத்துக்கு இறக்க 0.6 கிராம் உறிஞ்சினால் போதும். 100 கிராம் ஜெல் அந்த நிலையில் ஏறக்குறைய 20 கிராம் வாங்கும். அப்படியானால் மாதக்கணக்கில் தாங்க வேண்டுமே?

தாங்காததற்குக் காரணம் காற்று அல்ல, பெட்டிக்குள் இருக்கும் மரமும் தாளும் துணியும். 80 சதவீத ஈரத்தில் கிடந்த 1 கிலோ மரத்தட்டுக்குள் ஏறக்குறைய 16 சதவீதம் நீர் இருக்கும். காற்று 40 சதவீதத்துக்கு வரும்போது அது 8 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கும். அதாவது அந்த ஒரு தட்டே 70, 80 கிராம் நீரை வெளியே விடும். 100 கிராம் ஜெல் அதில் கால்வாசியிலேயே நிரம்பிவிடும். மரத்தட்டை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் தட்டு வையுங்கள், அல்லது மரம் காயும்வரை முதல் சில வாரம் ஜெல்லை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

அடுத்தது மூடியின் இடுக்கு. ஒரு துண்டுத் தாளை மூடியில் நசுக்கி இழுங்கள். உரசலே இல்லாமல் வந்தால் அந்தப் பக்கம் காற்று நுழைகிறது. ரப்பர் வளையம் இல்லாத தகரப் பெட்டிக்குள் ஜெல் வைப்பது அறைக் காற்றை உலர்த்தும் முயற்சிதான். அங்கே ஜெல்லை விட்டுவிட்டு மெழுகை நம்புங்கள்.

ஜெல்லை உலர்த்த 110 முதல் 120 டிகிரி அவன் (oven) அடுப்பில், ஒரே அடுக்காகப் பரப்பி 2 மணி நேரம் வையுங்கள். ஆறும்போதே இறுக்கமான புட்டிக்கு மாற்றிவிடுங்கள். நீல மணி இளஞ்சிவப்பானாலும் ஆரஞ்சு மணி பச்சையானாலும் நிரம்பிவிட்டது என்று பொருள். நீல மணியில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது நச்சு என்பதால் சமையல் அவனில் வைக்கக் கூடாது; புதிதாக வாங்குவதானால் ஆரஞ்சே மேல். கால்சியம் குளோரைடு நிரப்பிய ஈரம் உறிஞ்சும் டப்பாக்களைக் கருவிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அவை இழுக்கும் ஈரம் உப்புநீராக அடியில் தேங்கும். ஒருமுறை கவிழ்ந்தால் போதும், அந்தப் பெட்டி முழுக்க நாசம். அரிசி முடிச்சு பேருக்குத்தான்.

வி.சி.ஐ. எனப்படும் துருத்தடுப்பு ஆவித் தாள்களும் மாத்திரைகளும் வேறு வகை. இவை ஈரத்தை எடுப்பதில்லை. இவற்றிலிருந்து கிளம்பும் ஆவி எஃகின் மேல் மெல்லிய காப்பாகப் படிகிறது. அதனால் மூடிய இடம் கட்டாயம் வேண்டும். தாளின் மருந்துப் பக்கம் கருவியைப் பார்த்து இருக்க வேண்டும், சுமார் 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது, உறையில் சொன்ன காலம் முடிந்ததும் மாற்ற வேண்டும். எண்ணெய் பூச முடியாத அரம், மரைவெட்டி போன்றவற்றுக்கு இதுதான் தோது. பித்தளைப் பாகம் உள்ள கருவி என்றால், பல உலோகங்களுக்கும் ஏற்றது என்று உறையில் போட்டிருக்கிறதா எனப் பாருங்கள். கற்பூரம் போடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. சிறிய மூடிய பெட்டியில் வைத்தால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பி எண்ணெயை விட்டுவிட வேண்டாம்.

அறிகுறி: துரு நீக்கிய சில நிமிடங்களில் மறுபடி ஆரஞ்சு

அமிலத்தில் ஊறி வெளிவந்த எஃகு முற்றிலும் காப்பில்லாதது. அதில் ஈரமும் அமில மிச்சமும் இருந்தால் கண்ணெதிரே நிறம் மாறும். எந்தப் படியைத் தவறவிட்டீர்கள் என்று இந்த வரிசையில் ஒப்பிடுங்கள்.

முதலில் எண்ணெயைப் போக்குங்கள். எண்ணெய் இருக்கும் இடத்தில் அமிலம் இறங்காது. பிறகு 5 சதவீத வினிகரில் 12 முதல் 24 மணி நேரம், அல்லது லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் சில மணி நேரம். கருவி முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். பாதி வெளியே நின்றால் நீர்மட்டத்தில் கோடு போல் அரிப்பு விழும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்து, துரு போனதும் நிறுத்துங்கள். அதிகம் ஊறினால் நல்ல எஃகையும் அரித்துச் சொரசொரப்பாக்கும். வெளியே எடுத்ததும் ஓடும் தண்ணீர், பிறகு சமையல் சோடாக் கரைசலில் 10 நிமிடம், மறுபடி தண்ணீர். உலர்த்துவதற்கு முன் ஈரத்தோடேயே நீர் விரட்டும் ஸ்ப்ரே அடிக்கலாம். அல்லது வெந்நீரில் முக்கியெடுத்தால் கருவியின் சூடே ஈரத்தை ஓட்டும். உடனே எண்ணெய். சோடாவுக்கும் எண்ணெய்க்கும் நடுவே தேநீர் குடிக்கப் போவதுதான் பெரும்பாலான ஆரஞ்சுக்குக் காரணம்.

உலர்த்தும் அவன் 150 டிகிரியைத் தாண்ட வேண்டாம். 200 டிகிரியை ஒட்டி எஃகில் வைக்கோல் நிறம் தெரியத் தொடங்கும், 300-க்கு அருகில் நீலமாகும்; உளியின் கடினம் அப்போதே இறங்கிவிடும். சுருள்வில், மெல்லிய ரம்பத் தகடு போன்ற கடினப்படுத்திய பாகங்களை அமிலத்தில் நெடுநேரம் ஊறவிடாதீர்கள். ஹைட்ரஜன் உட்புகுந்து நொறுங்கும் தன்மை வரலாம். அவற்றுக்கு எண்ணெயில் நனைத்த 0000 எண் (மிக மெல்லிய) ஸ்டீல் வுல்லே போதும். அமிலத்தையும் வெளுப்பானையும் ஒரே வாளியில் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

அறிகுறி: பிளையர், கத்திரி, அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இறுகிவிட்டது

மூட்டுக்குள் துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் இறுகுகிறது. சுத்தியலால் அடித்துத் திறந்தால் ஆணி வளையும். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சம பங்கு கலந்து, நன்றாகக் குலுக்கி உடனே மூட்டில் விடுங்கள். இரண்டும் தானாகப் பிரிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். தீயிலிருந்து விலகி நில்லுங்கள். அசிட்டோன் பல பிளாஸ்டிக் கைப்பிடிகளைக் கரைக்கும், அதையும் கவனியுங்கள். ஓர் இரவு விட்டு, கருவியின் ஒரு கைப்பிடியை வைஸில் பிடித்து, மறு கைப்பிடியைச் சிறுகச் சிறுக இருபுறமும் அசையுங்கள். பழுப்புக் குழம்பு வெளிவரும்; துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய். குழம்பு வருவது நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும். முடிந்ததும் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பிளையரைப் பாதி திறந்த நிலையில் வைத்துவிடுங்கள்.

அறிகுறி: எண்ணெய் பூசிய இடம் பிசின் மாதிரி ஒட்டுகிறது

காயும் தன்மையுள்ள எண்ணெய், பெரும்பாலும் சமையல் எண்ணெய். மினரல் டர்பன்டைனில் துணி நனைத்து 15 நிமிடம் போர்த்தி வைத்துத் துடையுங்கள், அடங்காவிட்டால் அசிட்டோன். அடியில் துரு இல்லை என்று உறுதி செய்துகொண்டு கனிம எண்ணெய்க்கு மாறுங்கள்.

அறிகுறி: குரோம் பூச்சில் புள்ளிகள், நாக முலாமில் வெள்ளைப் பொடி, கறுப்புப் படலம்

குரோமில் எழும் பழுப்புப் புள்ளி, பூச்சின் நுண்துளை வழியாக அடியிலிருக்கும் எஃகு துருப்பிடிப்பது. அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் கீறல் விழாமல் போகும்; உலர்த்தி மெழுகு பூசுங்கள். பூச்சு செதிலாக உரியத் தொடங்கிய சாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள். அந்தச் செதில் பிளேடு போலக் கையை வெட்டும், கண்ணிலும் தெறிக்கும்.

வெள்ளைப் பொடி நாகத்தின் துரு. ஈரமான கருவிகளைக் காற்றோட்டமின்றி நெருக்கி அடுக்கினால் வரும். உலர்ந்த நைலான் தூரிகையால் துடைத்து, காய வைத்து, இடைவெளி விட்டு வைத்தால் போதும். வினிகர் வேண்டாம், முலாமையே கரைத்துவிடும்.

கருமையான, விரலில் ஒட்டாத, வழவழப்பான படலத்தை விட்டுவிடுங்கள். அது நிலையான இரும்பு ஆக்சைடு. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் உதவும். பழைய கருவியை வெள்ளிபோல் பளபளக்கத் தேய்ப்பவர்கள் இந்தக் காப்பைத்தான் இழக்கிறார்கள்.

அறிகுறி: துரு போனது, குழி நிற்கிறது

குழியை எந்த அமிலமும் நிரப்பாது. அதோடு வாழலாமா என்பது குழி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரம்பத் தகட்டின் நடுவிலும் சுத்தியல் தலையின் பக்கவாட்டிலும் இருந்தால் மெழுகு பூசிப் பயன்படுத்துங்கள். உளியின் தட்டையான பின்பக்கத்தில், வெட்டுமுனையை ஒட்டி இருந்தால், ஒவ்வொரு குழியும் முனையில் ஒரு பல்லாக விழும். முனையைக் குழிகள் தாண்டும்வரை அரைத்துக் குறைக்க வேண்டும். அரைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள், நீலமேறினால் அந்தப் பகுதி மென்மையாகிவிட்டது. மூலைமட்டத்தின் விளிம்பில் குழி என்றால் அதை வைத்துக் கோடு போடலாம், அளவு சரிபார்க்கக் கூடாது. பாரம் தூக்கும் கொக்கி, சங்கிலி, ஷேக்கிள் இவற்றில் ஆழமான குழி விழுந்திருந்தால் மீட்கப் பார்க்காதீர்கள். வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.